அந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் எழுதித் தரச் சொன்னார்.)



நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மின்சாரம் பற்றிப் படித்தவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு அயர்ன் பாக்ஸ் நின்றுவிட்டது. ஒயரை ஒரு பக்கம் வளைத்துப் பிடித்தால் விளக்கு எரியும், விட்டால் அணையும். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். பையன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது திறக்கிற மாடல் இல்ல சார், புதுசு வாங்கிக்கோங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பின்மூடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ. ஆறு முனை நட்சத்திரம் மாதிரிப் பள்ளம், அதன் நடுவில் ஒரு சின்ன முளை. நம்மிடம் இருக்கும் எந்த டிரைவரும் அதில் இறங்காது. 'திறக்கிற மாடல் இல்லை' என்பதற்கு அர்த்தம் அந்த முளைதான்.

சென்னை ரிச்சி தெருவில் அதற்கென்று ஓட்டை போட்ட பிட் கிடைத்தது. ஒரு செட்டே முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. மூடியைத் திறந்தால், ஒயர் கழுத்துப் பக்கம் அறுந்திருந்தது. அவ்வளவுதான். சூடு தாங்கும் புது ஒயர் வாங்கி, நம் எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டே மாற்றினேன். பச்சை ஒயர் எர்த்தில் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று அவர் சோதித்த பிறகுதான் பிளக்கில் சொருகினேன். இன்றைக்கும் என் சட்டை அந்தப் பெட்டியில்தான் தேய்க்கப்படுகிறது.

இந்தத் திருட்டு ஸ்க்ரூக்களில் பல ஜாதி உண்டு. நாம் 'ஸ்டார்' என்று சொல்கிற கூட்டல் குறி ஸ்க்ரூ இதில் சேராது. நடுவில் முளை வைத்த ஆறு முனை ஒன்று. மூன்று சிறகு உள்ளது ஒன்று. முக்கோணக் குழி ஒன்று. பாம்புக் கண் மாதிரி இரண்டு ஓட்டை உள்ளது ஒன்று. இறுக்க மட்டும் சுற்றும், கழற்றச் சுற்றினால் வழுக்கிவிடும் ஒருவழி ஸ்க்ரூ இன்னொன்று. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் ஐந்து இதழ் பூப்போல ஒரு தலையையே கொண்டுவந்தது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பிட் விற்கிறார்கள்.

நமக்கு இன்னொரு எதிரி உண்டு. அது கடற்காற்று. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். உப்புக் காற்றில் இரும்பு ஸ்க்ரூ சீக்கிரமே துரு ஏறி இறுகிவிடும். அதை அவசரப்பட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அரை மணி நேரம் பொறுங்கள். சரியான அளவு பிட்டை வைத்து, பலத்தில் பெரும்பகுதியை அழுத்துவதற்குக் கொடுங்கள், மிச்சத்தைத் திருகுவதற்கு. தலை மழுங்கிவிட்டதா? நடுவில் ஒரு ரப்பர் பேண்டை வைத்து அழுத்திப் பாருங்கள். திரும்ப மாட்டும்போது அதே நீளத்தில் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடலாம். நீளம் கூடினால் உள்ளே இருக்கும் ஒயரைக் குத்திவிடும், ஜாக்கிரதை.

வங்கிக்காரன் பழக்கம் ஒன்று சொல்கிறேன். ஒரு தாளில் பொருளின் அடிப்பாகத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த இடத்தில் இருந்ததோ அங்கே குத்தி வையுங்கள். கழற்றியது பற்று, மாட்டியது வரவு. கடைசியில் கணக்கு டேலி ஆக வேண்டும். ஒன்று மிஞ்சினால் அது உள்ளே போக வேண்டியது, லாபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். அயர்ன் பாக்ஸ் வெற்றி தலைக்கு ஏறிவிட்டது. அடுத்து மைக்ரோவேவ் ஓவன் நின்றது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், இனி என்ன பயம் என்று பின்பக்க ஸ்க்ரூவில் பிட்டை வைத்தேன். அதிலும் அதே முளை. வேறு வேலையாக வந்த நம் எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, "சார், கையை எடுங்க!" என்று கத்தினார். அவர் என்னிடம் சத்தம் போட்டது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகுதான் விளக்கினார். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் இரண்டாயிரம் வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே தங்கியிருக்கலாம். தொட்டால் ஆளையே கொன்றுவிடும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

ஒரே மாதிரி ஸ்க்ரூ. அயர்ன் பாக்ஸில் அது என் பர்ஸைக் காலி செய்ய வைத்த பூட்டு. ஓவனில் என் உயிரைக் காக்க வைத்த பூட்டு. ஸ்க்ரூவைப் பார்த்து வித்தியாசம் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் தெரியும். எனவே மைக்ரோவேவ், இன்வெர்ட்டர், ஏ.சி. வெளி யூனிட், பழைய குண்டு டி.வி. இந்த நான்கையும் நாம் தொட வேண்டாம். வாரண்டி முடியாத எதையும் திறக்க வேண்டாம். அயர்ன் பாக்ஸிலும் கெட்டிலிலும் தெர்மல் ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவுள்ள ஃபியூஸைத்தான் போட வேண்டும். ஒயரை நேராக இணைத்தால் வீடு பற்றிக்கொள்ளும்.

பர்ஸைக் குறிவைத்த பூட்டுக்கு என்ன வழி? 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களும் பழுது பார்க்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் காரணம். நம் மறைமலைநகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கான இணையதளத்தையும் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் உண்டு. தனிச் சட்டமாக இன்னும் வரவில்லை. ஆனாலும் வாரண்டிக்குள் சரிசெய்து தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் 'ரிப்பேர் கஃபே' என்று ஆரம்பித்தார்கள். பழுதான பொருளோடு ஒரு இடத்தில் கூடி, தெரிந்தவர்கள் உதவியோடு தாங்களே சரிசெய்துகொள்வது. நாமும் மாதம் ஒரு ஞாயிறு காலை சங்க ஹாலில் அப்படி உட்காரலாமே. எலக்ட்ரீஷியனுக்கு அந்த இரண்டு மணி நேரக் கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். எது திறக்கலாம், எது கூடாது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை. என் பிட் செட்டை இன்று செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். மொத்தம் 32 பிட். எண்ணி வாங்கிக்கொள்ளவும், எண்ணித் திருப்பித் தரவும்.