ஈயின் மூளையில் என்ன இருக்கிறது?



கொல்கத்தா நகரில் பவானிபூர் என்று ஒரு பகுதி. அங்கே ஜதுபாபு பஜார் என்று ஒரு பழைய சந்தை உண்டு. சந்தையில் வாழைப்பழம் கனிந்து கறுத்துவிட்டால் என்ன ஆகும்? சின்னச் சின்ன ஈக்கள் வந்து மொய்க்கும். எள் அளவுதான் இருக்கும். கண் சிவப்பாக இருக்கும். இதுதான் பழ ஈ. நம் வீட்டுப் பழக்கூடையிலும் இதைப் பார்க்கலாம்.

எல்லோரும் இந்த ஈயை விரட்டுவார்கள். விஞ்ஞானிகள் மட்டும் பாட்டிலில் போட்டு வளர்க்கிறார்கள். எதற்கு? மனித மூளைக்கு வரும் நோயைப் புரிந்துகொள்வதற்கு!

ஈயைப் பார்த்து மனிதரை அறிய முடியுமா? முடியும். இதற்கு பவானிபூரே சாட்சி. அங்கே ஒரு பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. இன்று அதன் பெயர் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை. அன்று பிரசிடென்சி பொது மருத்துவமனை. 1898ஆம் ஆண்டில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் அங்கே ஆராய்ச்சி செய்தார். பறவைகளையும் கொசுக்களையும் வைத்துப் பார்த்தார். பறவைகளுக்கு மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று காட்டினார். மனிதருக்கும் அப்படித்தான் பரவுகிறது என்பது பின்னர் உறுதியானது. 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே மருத்துவமனையோடு சேர்ந்தது பாங்கூர் நரம்பியல் நிலையம். கை நடுக்கம், வலிப்பு, பக்கவாதம் உள்ளவர்கள் அங்கே வருகிறார்கள்.

ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். நாற்பது வருடம் தையல் மிஷின் மிதித்தவர். இப்போது ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. சும்மா இருக்கும்போதே கை நடுங்குகிறது. காலை இழுத்து இழுத்து நடக்கிறார். ஊர் என்ன சொல்கிறது? “குடித்துக் குடித்துக் கெட்டுப்போனார்” என்கிறார் ஒருவர். “யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்” என்கிறார் இன்னொருவர். அவரோ குடித்ததே இல்லை. மருமகள் தாயத்துக்குக் கடன் வாங்குகிறாள்.

இது செய்வினை அல்ல. நடுக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று பார்க்கின்சன் நோய்.

செங்கற்களால் வீடு ஆனது போல, உயிரணுக்களால் உடல் ஆனது. மூளையில் பல வகை உயிரணுக்கள் உள்ளன. சில மணம் அறிய உதவும். சில கை கால் அசைக்க உதவும். பார்க்கின்சன் நோயில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிகின்றன. பக்கத்தில் உள்ள பல உயிரணுக்கள் பிழைத்துக்கொள்கின்றன. ஏன் அப்படி? இதற்கு விடை காண, உயிரணுக்களை வகை பிரித்து அறிய வேண்டும்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு உயிரணுக்கள். பழ ஈயின் மூளையில் சுமார் 1 லட்சத்து 39 ஆயிரம்தான். 2024இல் இவை ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்று முழுப் படமே வெளியிட்டார்கள். அவற்றில் 8,000க்கும் மேற்பட்ட வகைகள்! எள் அளவு ஈக்குள் எத்தனை வேலைப்பாடு பாருங்கள்.

வகை பிரிக்க இன்னொரு வழியும் உண்டு. அது மரபணு வழி. மரபணுவை ஜீன் என்றும் சொல்வார்கள். பழ ஈக்குச் சுமார் 14,000 மரபணுக்கள். ஓர் ஈயின் எல்லா உயிரணுக்களிலும் ஏறக்குறைய அதே மரபணுக்கள்தான். பிறகு எப்படி வேலை மாறுகிறது?

ஒரு தெருவில் பத்து வீடுகள். எல்லா வீட்டிலும் ஒரே சமையல் புத்தகம். ஒரு வீட்டில் சாம்பார் பக்கம் திறந்திருக்கிறது. அடுத்த வீட்டில் மீன் குழம்புப் பக்கம். திறந்த பக்கம் எதுவோ, அதுதான் அன்றைய சமையல். உயிரணுவும் அப்படித்தான். சில மரபணுக்கள் வேலை செய்யும். சில சும்மா இருக்கும்.

வேலை செய்யும் மரபணு, ஆர்.என்.ஏ. என்ற செய்தியை உண்டாக்கும். விஞ்ஞானிகள் ஈயின் மூளையை எடுத்து, உயிரணுக்களைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் உள்ள செய்திகளைக் கருவி படிக்கிறது. ஒத்த செய்தி உள்ளவற்றைக் கணினி ஒன்று சேர்க்கிறது. வாசலில் நின்று வாசனையை வைத்தே என்ன குழம்பு என்று சொல்வது போலத்தான்.

2018இல் பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானிகள் இளம் ஈ முதல் கிழட்டு ஈ வரை இப்படிப் படித்தார்கள். வயது ஏற ஏறச் செய்திகளின் அளவு குறைந்தது. ஆனால் உயிரணு எந்த வகை என்ற அடையாளம் மாறவில்லை.

இந்தியாவிலும் பழ ஈ ஆராய்ச்சி நெடுநாளாக நடக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திகி, வெரோனிகா ரோட்ரிக்ஸ் இருவரும் 1970களிலேயே மணம் அறிய முடியாத ஈக்களை ஆராய்ந்தார்கள். மரபணு மாறினால் மணம் அறியும் திறனும் மாறும் என்று காட்டினார்கள்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. பார்க்கின்சன் நோயோடு தொடர்புள்ள ஒரு மனித மரபணுவை ஈக்குள் வைத்தார்கள். ஈக்கு வயதானபோது டோபமைன் உயிரணுக்கள் அழிந்தன. மேலே ஏறும் திறனும் குறைந்தது. ஈக்குச் செய்வினை வைத்தது யார்?

இந்த நோயை முழுவதும் நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அதைத் தேடும் வேலையில் அந்தச் சின்ன ஈயும் துணை நிற்கிறது. ஆனால் நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கும் மருந்துகள் இப்போதே உண்டு. மருத்துவர் தரும் மருந்தைத் தவறாமல் சாப்பிட வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

உங்கள் தெருவிலும் கை நடுங்கும் பெரியவர் இருக்கலாம். அவரைப் பழிக்காதீர்கள். தாயத்துக்கு ஆகும் பணம், அரசு மருத்துவமனைக்குப் போகும் பஸ் செலவாகட்டும். தனியாக அனுப்பாதீர்கள். ஒருவர் கூடப் போங்கள். அங்கே தரும் சீட்டை வாங்கி நீங்களே படித்துப் பாருங்கள். எழுத்து கற்றது அதற்கும்தானே!