பெட்டியின் வாசல் எந்தப் பக்கம்?

மலாக்காவில் இப்போது எங்கே போனாலும் கெலுலுட் என்கிற கொடுக்கில்லாத் தேனீதான். ஜாசினோ அலோர் காஜாவோ, வீட்டுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டை, அதன்மேல் ஒரு பெட்டி, வந்தவர் கையில் ஒரு ஸ்ட்ரா. குனிந்து தேனை உறிஞ்சுகிறார், பக்கத்தில் இருப்பவர் படம் எடுக்கிறார். எடுக்கட்டும். கெலுலுட்டுக்குக் கொட்டத் தெரியாது; கோபம் வந்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். அங்கே ஸ்ட்ரா போட்டுக் குடித்த அதே மாமா, தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்து அடுக்குத் தேனீப் பெட்டிக்கு நேர் எதிரே பேரப்பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. மாமா, இது கொட்டும். இது கொட்டும்!

பாதுகாப்பு என்றதும் வலைத்தொப்பி, கையுறை வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். நான் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது பெட்டியின் வாசல் எந்தப் பக்கம் என்பதைத்தான். தேனீ வாசலை விட்டுக் கிளம்பினால் அதற்கென்று ஒரு பாதை உண்டு. அந்தப் பாதையில் ஆள் நின்றால் வாசலில் காவலிருக்கும் தேனீ சும்மா விடாது.

நான் வளர்ந்த தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெரியவர் ஒருவர் பெட்டி வைத்திருந்தார். ரப்பர் மரத்தில் இளந்தளிரின் காம்பிலேயே தேன் சுரக்கும். பூவுக்குக் காத்திருக்க வேண்டாம். அதனால் அவர் பெட்டிகளில் எப்போதும் கூட்டம். பக்கத்திலேயே பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகிற பாதை. அவர் செய்தது இதுதான்: வாசலைப் பாதைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினார். வாசலுக்கு முன்னால் நாலைந்து அடி தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் செம்பருத்தி வேலி வளர்த்தார். தேனீ வெளியே வந்ததும் வேலியைத் தாண்ட மேலே ஏறியாக வேண்டும். ஏறினால் நம் தலைக்கு மேலே போய்விடும். மறுபடியும் சொல்கிறேன்: வாசலைத் திருப்புங்கள், முன்னால் வேலி வையுங்கள், தேனீயை மேலே ஏற்றிவிடுங்கள். அந்தப் பெரியவர் முகத்தில் வலை போட்டு நான் பார்த்ததே இல்லை. தேங்காய் மட்டையில் கொஞ்சம் புகை, பெட்டிக்குப் பக்கவாட்டில் நின்று, அவசரமில்லாத கை. அந்தக் கையைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் போய் நிற்போம்.

விருந்தாளிகளையும் அப்படித்தான் பக்கவாட்டில் நிறுத்துங்கள். முன்னால் வேண்டாம். கூந்தலை முடிந்துகொள்ளட்டும், முடியில் சிக்கிய தேனீ மிரண்டு கொட்டும். கையை வீசவே கூடாது.

ஒன்று கொட்டிவிட்டால் அந்த இடத்தில் வாழைப்பழ வாசனை போல ஒன்று கிளம்பும். மற்றத் தேனீக்களுக்கு அதுதான் அழைப்பு. அங்கேயே நின்று கொடுக்கைத் தேடிக்கொண்டிருக்காமல், நகத்தால் சட்டென்று சுரண்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ மஞ்சள் பூசிப் பார்ப்பதற்கெல்லாம் நேரமில்லை, உடனே 999.

இன்னொன்று, விருந்து நாளில் பெட்டியைத் திறக்காதீர்கள். தேன் கேட்டால் போத்தலில் இருப்பதைக் கொடுங்கள். பெட்டியைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கிற மாமாவை, மழையில்லாத இன்னொரு நாள் காலையில் தனியாக வரச்சொல்லுங்கள்.