எப்பாடவிதானம் நல்ல பாடவிதானம்?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



தேகப்பயிற்சியையும் சுகாதாரத்தையும் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தார்கள். பேசுபவரின் தேகத்தைப் பார்த்து முன்வரிசையிற் சிலர் புன்முறுவல் செய்வது தெரிகின்றது. அது நியாயமே. நாம் ஒரு மிஷன் பாடசாலையிற் படித்தோம். அங்கே விசாலமான மைதானம் இருந்தது. வெற்றிக் கிண்ணங்கள் நிறைந்த கண்ணாடி அலுமாரியும் இருந்தது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடக்கூடியவர் சிலர் தெரியப்படுவர். எஞ்சிய நாம் வேப்பமரத்தடியில் இருந்து கைதட்டுவோம். சோதனை நெருங்கினால் தேகப்பயிற்சிப் பாடவேளையைக் கணித ஆசிரியர் கடன் வாங்குவார். அந்தக் கடன் ஒருநாளும் திருப்பித் தரப்பட்டதில்லை. இவ்வாறு கைதட்டுவதிலே தேர்ச்சி பெற்று நாம் பல்கலைக்கழகம் புகுந்தோம். விடுதியின் மூன்றாம் மாடிக்கு ஏறி, பேச முடியாமற் கைபிடிச் சுவரிற் சாய்ந்து நின்ற அன்றுதான், எமக்குக் கற்பிக்கப்படாத பாடம் ஒன்று உண்டு என்பதை உணர்ந்தோம்.

ஒரு பிரதேசத்துப் பாடசாலைகளுக்கு இப்பாடத்தை எவ்வாறு தெரிந்தெடுப்பது? ஐக்கிய அமெரிக்காவில் அந்தந்தப் பாடசாலை மாவட்டத்துச் சபையே இதனைத் தீர்மானிப்பது வழக்கம். அச்சபைகளுக்கு உதவியாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் தேகப்பயிற்சிக்கு 2006 ஆம் ஆண்டிலும், சுகாதாரத்துக்கு 2007 ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சி வழிகாட்டிகளை வெளியிட்டது. தேகப்பயிற்சிப் பாடவிதானம் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் நான்கு வினாக்களைக் கேட்கும்படி அது கூறுகின்றது. சொல்லப்பட்டவை உண்மையானவையா? ஊரவருக்கு ஏற்புடையவையா? உள்ள ஆசிரியரையும் இடத்தையும் நேரத்தையும் கொண்டு நடத்தக் கூடியவையா? செலவு தாங்குமா?

இவை நல்ல வினாக்கள். நீச்சற் பயிற்சியை விதிக்கும் புத்தகம், தடாகம் இல்லாத பாடசாலைக்கு வெறும் கடதாசியே. பெண்பிள்ளைகள் உடை மாற்ற மறைவான ஓர் அறை இல்லாத இடத்தில், அவர்கள் விளையாட வருவதில்லை என்று குறை கூறுவதும் முறையன்று. ஆயினும், இந்நான்கு வினாக்களுக்கும் நல்ல விடை தரும் பாடவிதானத்தின் கீழும் வேப்பமரத்தடியிற் பிள்ளைகள் இருக்கக்கூடும். ஆகவே நாம் ஐந்தாவதாக ஒரு வினாவைச் சேர்க்க விரும்புகின்றோம்: கடைசியாக ஓடிவரும் பிள்ளைக்கு இதனாற் கிடைப்பது யாது?

இவ்வினாவுக்கு விடை கண்ட ஓர் ஊர் உண்டு. அது சிக்காகோ நகருக்கு அணித்தேயுள்ள நேப்பர்வில். அவ்வூரின் 203 ஆம் இலக்கப் பாடசாலை மாவட்டத்தில் தேகப்பயிற்சி ஆசிரியராயிருந்தவர் பில் லோலர். 1990 ஆம் ஆண்டளவில் அவர் தமது கற்பித்தலை மாற்றத் தொடங்கினார். வைத்தியர் ஜோன் றேற்றி 2008 இல் வெளியிட்ட ‘ஸ்பார்க்’ என்னும் நூல் இவ்வரலாற்றைக் கூறுகின்றது. ஒருநாள் லோலர், விளையாட்டிற் சிறவாத ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு இருதயத் துடிப்பை அளக்கும் கருவியை அணிவித்து ஒரு மைல் ஓடவிட்டார். அவள் ஓடி முடித்த நேரம் மிக மந்தமானது. கருவியைப் பார்த்தாலோ, ஓட்டம் முழுவதும் அவளுடைய துடிப்பு நிமிடத்துக்குச் சராசரி 187 ஆக இருந்தது! மணிக்கூட்டை மட்டும் பார்த்திருந்தால் சோம்பேறி என்று சொல்லியிருப்பார். உண்மையில் வகுப்பிலே மிகவும் பாடுபட்டவர்களுள் அவளும் ஒருத்தி. அதன் பின் அங்கே புள்ளிகள் வேகத்துக்கு அல்ல, முயற்சிக்கே வழங்கப்பட்டன.

அம்மாவட்டத்து எட்டாம் வகுப்பு மாணவர்கள் 1999 இல் நடந்த சர்வதேசச் சோதனையிலே, தனி நாடு ஒன்று போலக் கலந்துகொண்டு விஞ்ஞானத்தில் முதலாம் இடத்தையும் கணிதத்தில் ஆறாம் இடத்தையும் பெற்றனர். இதைக் கேட்டதும் கணித ஆசிரியர்கள் சற்று நிமிர்ந்து உட்காரலாம். எனினும் நேப்பர்வில் செல்வமுள்ள ஊர் என்பதை மறைத்தல் தகாது. ஓட்டத்தினால் மாத்திரமே அப்பெறுபேறு வந்தது என்று நாம் வாதாடவில்லை. ஓட்டத்தினாற் படிப்புக் கெட்டுவிடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நிற்க. எமது நாட்டிலே பாடவிதானத்தை மஹரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் ஆக்குகின்றது. சுகாதாரமும் உடற்கல்வியும் என ஒரே பாடமாக அது அமைந்திருப்பது நல்லதே. புத்தகத்தைத் தெரியும் உரிமை எமக்கில்லை. ஆனால் அப்புத்தகம் மைதானத்துக்கு வருமா, அல்லது வகுப்பறையிற் சொல்வதெழுதலாக முடியுமா என்பது அதிபர், ஆசிரியர், பெற்றார் ஆகியோரின் கையிலேயே உள்ளது. தெரிவு அங்கேதான் நடக்கின்றது.

கருவி வாங்கப் பணமில்லை எனலாம். இரண்டு விரலும் ஒரு மணிக்கூடும் போதும். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பதினைந்து வினாடிக்கு எண்ணி நான்காற் பெருக்கினால் நிமிடக் கணக்கு வரும். ஓடுமுன் ஒருமுறை, ஓடியபின் ஒருமுறை பிள்ளையே எண்ணிக் கொப்பியிற் குறிக்கட்டும். அது தேகப்பயிற்சி; அதுவே சுகாதாரம்; வேண்டுமாயின் கணிதமுமாகும். இழுப்பு நோயோ இருதயக் குறையோ உள்ள பிள்ளையை ஆசிரியர் முன்னரே விசாரித்தறிந்து, வைத்தியரின் சொற்படி நடத்தல் வேண்டும்.

நேரக் கணக்கையும் பார்ப்போம். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலை உழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் விதித்தது. வாரத்துக்கு 420 நிமிடம். நேரசூசியில் நாற்பது நிமிடப் பாடவேளை இரண்டு கிடைத்தாலும் எண்பதே. எஞ்சிய 340 நிமிடத்தைப் பிள்ளை வீட்டிலும் வீதியிலும் தேடவேண்டும். ஆதலால் வீட்டுக்குக் கொண்டு போகக்கூடிய விளையாட்டைக் கற்பிக்கும் பாடவிதானமே சிறந்தது. கிளித்தட்டுக்கு என்ன செலவு? நிலத்திற் கோடு கீறினாற் போதும். அதில் அனைவரும் ஓடுவர். கைதட்ட ஆள் மிஞ்சாது.

உணவைப் பற்றிய பாடமும் அவ்வாறே. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95 ஆம் அதிகாரம் பெரும்பாலும் அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகின்றது. சத்துகளின் பெயர்களை மனனஞ் செய்த பிள்ளை, வாயிலில் விற்கும் இனிப்புப் பானத்தைத் தானாக ஒதுக்குமாயின் பாடம் பலித்தது; இல்லையேல் புள்ளி மட்டும் கிடைத்தது.

பெரியோர்களே, பெற்றார் கூட்டத்திற் பெறுபேற்றைக் கேட்கும்போது, இவ்வாரம் எம்பிள்ளை ஓடியதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். கடன் வாங்கும் ஆசிரியர்கள் சிறிது தயங்குவார்கள். இளைஞர்களே, சனிக்கிழமை மாலைகளிற் சங்க வளவிலே கோடு கீற நாம் வருகின்றோம். திறமையுள்ளவர்கள் வாருங்கள், கடைசியாக ஓடுபவர்கள் கட்டாயம் வாருங்கள். எமக்குத் துணை வேண்டும்.