பூசைக்குப் பாட்டா, பாட்டுக்குப் பூசையா?



பங்குப் பேரவை கூடினாலும் சரி, சபைக் கமிட்டி கூடினாலும் சரி, கணக்கு வழக்கு, திருவிழாச் செலவு எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கப் போகிற நேரத்தில் ஒருவர் தொண்டையைக் கனைப்பார். "சாமி, ஒரு விஷயம்... பாட்டு கொஞ்சம் அதிகமாப் போகுது." உடனே பாடகர் குழுவில் இருக்கும் பையனுடைய தகப்பனார், "பாட்டு இல்லாம அது என்ன பூசை?" என்று கேட்பார். எழுந்தவர்கள் மறுபடி உட்கார வேண்டியதுதான். வழிபாட்டில் எவ்வளவு பாட்டு இருக்கலாம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எல்லையோரத்துத் தமிழ்க் கோயில்களை மனதில் வைத்துப் பேசுகிறேன். இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, தேவிகுளம், மறையூர். பாலக்காட்டுப் பக்கம் வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர். ஆட்சி கேரளத்தினுடையது, அடுப்பங்கரையில் பேசுவது தமிழ். திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்கள் ஏறி வந்தபோது அவர்களுடைய பாட்டும் மலையேறியது. மூணாற்றில் கார்மேல் மாதா ஆலயம் 1898இல் தொடங்கியது. 2024இல் அதற்குப் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. தோட்டத் துரைமாருக்காகக் கருங்கல்லில் எழுந்த கிறிஸ்து ஆலயம் 1911ஆம் ஆண்டைச் சேர்ந்தது. துரைமாருக்குக் கட்டிய அந்தக் கோயிலில் இன்று தமிழிலும் மலையாளத்திலும் ஆராதனை நடக்கிறது. பாலக்காட்டில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்தெடுத்த பகுதி அது. பிறந்ததே இரு மொழியோடு.

தோட்டத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் சொந்தம். பஜாருக்குப் போவதும் அன்றுதான், துணி துவைப்பதும் அன்றுதான். தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து ஜீப் ஏறி வந்தவர் திரும்பவும் ஜீப் பிடிக்க வேண்டும். திருவிருந்துப் பாடலின் ஐந்தாவது சரணம் முடியட்டும் என்று ஜீப்காரர் காத்திருக்க மாட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருகைப் பாடல், இரக்க மன்றாட்டு, வானவர் கீதம், பதிலுரைப் பாடல், அல்லேலூயா, காணிக்கைப் பாடல், தூயவர், ஆமென், கர்த்தர் கற்பித்த செபம், செம்மறி, திருவிருந்துக்கு இரண்டு, நன்றிக்கு ஒன்று, முடிவில் மாதா பாட்டு. ஒரு ஞாயிறு திருப்பலியில் பாடத் தோதான இடங்கள் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் வைத்தாலும் நாற்பது நிமிடத்தைத் தாண்டிவிடும். பூசை நீளுகிறது என்றால் எல்லாரும் மறையுரையைத்தான் குறை சொல்கிறோம். கடிகாரத்தைக் கேட்டால் அது கீபோர்டைக் காட்டும்.

முன்பு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. லத்தீன் காலத்தில் பாட்டுப் பூசை என்றால் சடங்கு முழுவதும் பாட்டு. சிறு பூசை என்றால் சடங்கின் சொற்களைக் குரு வாசிப்பதோடு சரி. இரண்டில் ஒன்று. ஆனால் பாட்டு வரம்பு மீறும் பழக்கம் ஐரோப்பாவிலேயே இருந்திருக்கிறது. 1903 நவம்பர் 22, இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். அன்றைக்குத் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஓர் ஆணை வெளியிட்டார். பாட்டு முடியட்டும் என்று குருவைப் பீடத்தில் காக்க வைக்கக்கூடாது, வழிபாடு இசைக்கு ஊழியம் செய்வதுபோல ஆகிவிடுவது பெருந்தவறு என்கிறது அது. மேடை நாடகப் பாணியில் பாடிய இத்தாலியக் கோயில்களைப் பார்த்துச் சொன்னது. நம் ஊர் பாடகர் குழுவுக்கு நேற்று எழுதியதுபோல இருக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் மக்கள் மொழிக்கும் மக்கள் இசைக்கும் கதவைத் திறந்தது. அடுத்து 1967 மார்ச் 5ஆம் தேதி திருவழிபாட்டு இசை பற்றி உரோமையிலிருந்து ஓர் அறிவுரை வந்தது. இரண்டில் ஒன்று என்றிருந்த பழைய கணக்கைத் தளர்த்தி, பாட்டை மூன்று படிகளாக அது பிரித்தது. நம் கமிட்டிக்காரர்கள் ஒருமுறையாவது இதைக் கேட்டிருக்க வேண்டும்.

முதற்படி, குருவும் மக்களும் மாறிமாறிச் சொல்பவை. குருவின் வாழ்த்து, அதற்கு மக்களின் பதில், நற்செய்திக்குரிய ஆர்ப்பரிப்பு, தூயவர், நற்கருணை மன்றாட்டின் முடிவு, கர்த்தர் கற்பித்த செபம், வழியனுப்பும் வாழ்த்து. இரண்டாம் படி, இரக்க மன்றாட்டு, வானவர் கீதம், செம்மறி, விசுவாச அறிக்கை போன்றவை. மூன்றாம் படியில்தான் வருகைப் பாடலும் காணிக்கைப் பாடலும் திருவிருந்துப் பாடலும் வருகின்றன. முதற்படியை மட்டும் தனியாகப் பாடலாம். முதற்படி இல்லாமல் மற்ற இரண்டையும் பாடக்கூடாது. விதி இவ்வளவுதான்.

நம் ஊரில் நடப்பது நேர் தலைகீழ். மூன்றாம் படியில் ஒன்றுகூடத் தப்பாது. முதற்படியில் தூயவர் தவிர மற்றதெல்லாம் முணுமுணுப்பு.

காணிக்கை நேரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அப்பமும் இரசமும் பீடத்துக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. சாமியார் கை கழுவித் துடைத்து, கைகூப்பி நிற்கிறார். கீபோர்டுத் தம்பி அப்போதுதான் இரண்டாவது இடையிசையில் இறங்குகிறார். யூடியூபில் கேட்ட புல்லாங்குழல் துணுக்கு ஒன்றுவிடாமல் வர வேண்டும் அவருக்கு. கோயில்பிள்ளை எட்டிப் பார்க்கிறார். தம்பி ஒற்றை விரலைத் தூக்குகிறார்: இன்னும் ஒரு சரணம். பாடுவது மைக்குக்கு முன்னால் நிற்கும் நான்கு பேர். பெஞ்சில் இருக்கும் இருநூறு பேரும் வேடிக்கை பார்க்கிறார்கள்.

அந்தத் தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. மூணாற்று மூடுபனியில் தபலா வாசிப்பவர் படும் பாடு வேறு. ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். வழிபாட்டுக்கு முன்னால் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்து வைத்தால், மறையுரை முடிவதற்குள் இறங்கியிருக்கும். கீபோர்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பொத்தானை அமுக்கினால் தாளம் தானாக ஓடும், ஒரே ஆள் ஒரு கச்சேரியே நடத்திவிடலாம். கோயில்களில் பாட்டு பெருகியதற்குக் காரணம் பக்தி பெருகியதா, கருவி மலிந்ததா என்று கேட்டால், நான் கருவி என்பேன்.

எல்லையோரத்தில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. திருவிழா நாளில் தமிழரும் மலையாளிகளும் ஒரே பூசையில் உட்கார்ந்தால், ஒரு பாட்டு தமிழில், அடுத்தது மலையாளத்தில். சில இடங்களில் ஒரே இடத்துக்கு இரண்டு மொழியிலும் ஒவ்வொன்று. நியாயம் செய்வதாக நினைத்து நேரத்தை இரட்டிப்பாக்குகிறோம். ஒரு பாதி பாடும்போது மறுபாதி செருப்பைத் தேடுகிறது. ஆமென், ஓசன்னா, அல்லேலூயா என்ற மூன்றும் இரு மொழிக்காரருக்கும் ஒன்றுதான். முதல் இரண்டும் அந்த 1967 அறிவுரையின் முதற்படிக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அவற்றுக்கு ஒரே மெட்டுப் போட்டு இரு சாராருக்கும் பழக்கிவிட்டால், கோயில் முழுவதும் ஒரே குரலில் பாடும். அதை விட்டுவிட்டுப் பாட்டுப் பட்டியலில் இடஒதுக்கீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்திலேயே பாடமும் இருக்கிறது. இடுக்கியில் பெரும்பான்மைக் கிறிஸ்தவர்கள் சிரிய மரபினர். சீரோ மலபார் சபையில் குர்பானா என்னும் திருப்பலி 1962இல் சிரியாக்கிலிருந்து மலையாளத்துக்கு மாறியது. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயக் கோயில்களில் குர்பானா முழுவதுமே பாட்டு. எத்தனை பாட்டு என்று அங்கே யாரும் எண்ண முடியாது. வழிபாட்டின் சொற்களே இராகத்தில் போகின்றன. பாட்டியிலிருந்து பேரன் வரை மனப்பாடம்.

சீர்திருத்த சபைகளின் கதை இதைவிடச் சுவையானது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைக்குத் தலைமகன். 1820களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிமாரோடு அவர் மோதினார். தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து ஒதுக்கியது அவர் தம் மனுவில் சொன்ன குறைகளில் ஒன்று. அதே மனுவில் சாதி வேறுபாட்டைக் காக்கவும் அவர் வாதாடினார்; அதை யாரும் இன்று நியாயப்படுத்த முடியாது. இசை விஷயத்தில் மட்டும் காலம் அவர் பக்கம் நின்றது. 1853இல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, அதில் சாஸ்திரியார் பாடல்கள் கணிசமாக இடம்பெற்றன. ஐரோப்பிய மெட்டில் பாமாலை, கர்நாடக மெட்டில் கீர்த்தனை என்று தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான் வந்தது.

கீர்த்தனையும் எல்லாருக்கும் எட்டவில்லை. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு, 2005இல் மறைந்தவர், அந்த இடைவெளியைத் தொட்டார். பறை உள்ளிட்ட கிராமிய இசையில் முழு வழிபாட்டையும் அமைத்தார். பாடகர் குழு எதற்கு, எல்லாரும் பாடுங்கள் என்பதுதான் அவர் போக்கு. எழுதப்படிக்கத் தெரியாதவரும் கேட்டுப் பாட முடிந்தால்தான் அது சபையின் பாட்டு. தோட்டத்து மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை எனக்குத் தெரியவில்லை.

பாட்டைக் குறைத்தால் இளைஞர்கள் பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு பயம் உண்டு. பயத்தில் நியாயம் இருக்கிறது. பல கோயில்களில் இளைஞர்கள் நிற்கும் ஒரே இடம் பாடகர் குழுதான். ஆனால் அந்தக் கூட்டங்களில் நடப்பதைக் கவனியுங்கள். ஆரம்பத்திலேயே அரைமணி, முக்கால்மணி பாடுகிறார்கள். ஒருவர் வாயும் மூடியிருப்பதில்லை. நம்முடைய நாற்பது நிமிடம் கனப்பதும் அவர்களுடைய முக்கால்மணி கனக்காததும் அதனால்தான். ஆகவே இளைஞர்களை வெளியே அனுப்ப வேண்டாம், வேலையை மாற்றிக் கொடுங்கள். பூசைக்குப் பத்து நிமிடம் முன்னதாக மக்களுக்குப் பதிலுரையைச் சொல்லிக்கொடுப்பது ஒரு வேலை. பதிலுரைப் பாடலின் அடிகளைத் தனிக்குரலில் சொற்சுத்தமாகப் பாடுவது அதைவிடக் கடினமான வேலை. திறமை உள்ள பிள்ளைக்கு அதில் சவால் இருக்கிறது.

ஒலிபெருக்கி பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபை டிரம்ஸ், காங்கோ, கிட்டார் வைத்து நடத்திய வழிபாட்டின் சத்தம் தாங்கவில்லை என்று கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2000 ஆகஸ்ட் 30இல் தீர்ப்பானது. பிறருடைய அமைதியைக் குலைத்தும் ஒலிபெருக்கி வைத்தும் முரசு கொட்டியும் செபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதுதான் சட்டம் சொல்லும் அளவு. பள்ளத்தாக்கில் ஒரு குன்றில் வைத்த குழாய் எதிர்க்குன்றின் லயம் வரை கேட்கும். இரவுப்பணி முடித்து வந்து தூங்குபவர் வேற்று மதத்தவராகவும் இருப்பார், நம் சபையாராகவும் இருப்பார்.

அளவு ஆண்டு முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டியதும் இல்லை. தவக்காலத்தில் கருவிகள் பாட்டைத் தாங்கும் அளவுக்கு மட்டும் ஒலிக்கலாம். நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. பெரிய வியாழன் வானவர் கீதத்தோடு மணி அடங்கிவிடும், உயிர்ப்புத் திருவிழிப்பு வரை மரக்கட்டைதான். கிறிஸ்துமஸ் இரவில் பதினான்கு பாட்டும் இருக்கட்டும், யாரும் கேட்கப் போவதில்லை. மழைக்காலத்து ஒரு சாதாரண ஞாயிற்றுக்கும் அதே பதினான்கு எதற்கு?

பாடகர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு ஏதாவது ஒரு பாட்டின் பல்லவியில் கருவிகளை நிறுத்துங்கள், மைக்கையும் அணைத்துவிடுங்கள். கோயில் பாடுகிறதா என்று கேளுங்கள். பாடினால் அந்தப் பாட்டு இருக்கட்டும். பாடாவிட்டால் சில வாரம் சொல்லிக்கொடுங்கள். அப்போதும் மக்கள் வாய் திறக்காவிட்டால், எவ்வளவு நல்ல மெட்டானாலும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். காணிக்கைப் பாடலை மட்டும் சாமியார் கை துடைக்கும்போது நிறுத்திவிடுங்கள். இது என் தனிப்பட்ட வேண்டுகோள்.