சீட்டின்றி உண்ட மருந்து
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யான் மருத்துவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே குமாஸ்தா. ஆயினும், சென்ற மழைக்காலத்தில் எங்கள் ஆரியங்கோட்டு இல்லத்தில் நேர்ந்த ஒன்று என்னை இங்கே பேச வைக்கிறது.

வாழைத் தோட்டத்துச் சேற்றில் உழைத்த என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் விட்டுச் சென்ற டாக்சிசைக்ளின் மாத்திரைகள் சில வீட்டில் இருந்தன. அவற்றை எடுத்துக் கொடுத்தவன் யானே. இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்தது, மருந்தை நிறுத்தினோம். சில நாளில் கண்கள் மஞ்சளித்தன. கெண்டைக்கால் வலியால் அவன் நடக்கவும் இயலவில்லை. எலிக்காய்ச்சல் என்றார் மருத்துவர். பத்து நாள் மருத்துவமனையில் கிடந்து உயிர் மீண்டான்.

குற்றம் மருந்தினுடையதன்று. பல்வகைக் கிருமிகளை அடக்கவல்ல மருந்துக் குலத்தைச் சேர்ந்தது அது. அக்குலத்தின் மூத்த மருந்தாகிய ஆரியோமைசின் 1948-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமை.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் டாக்சிசைக்ளினை மருத்துவர் சீட்டு இன்றிக் கடையில் வாங்க இயலாது. மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோர் அதனைக் காப்பு மருந்தாகவும் உண்கின்றனர். நம் நாட்டுச் சட்டமும் சீட்டைக் கேட்கிறது, நாம்தான் கேட்பதில்லை. கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது, நீரில் இறங்கியோருக்கு எலிக்காய்ச்சல் காப்பாகச் சுகாதாரத் துறையே இதனை வழங்கியது. வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்பது பெரியவர்க்குரிய காப்பளவு. நோய் வந்தபின் அளவும் நாளும் வேறு. கருவுற்ற பெண்டிரும் சிறு குழந்தைகளும் மருத்துவர் சொல்லின்றித் தொடலாகாது.

கண்டபடி உண்டால், கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போகும். அதனைத் தடுக்கவே கேரள அரசு 2018-இல் தனிச் செயல்திட்டம் வகுத்தது. சீட்டின்றி விற்கும் கடைகளைப் பிடிக்க 2024-இல் 'ஆபரேஷன் அம்ருத்' என்னும் சோதனையையும் தொடங்கியது.

பெருமக்களே! சீட்டில்லாப் பயணத்தைத் தவறென்று கருதும் துறையில் ஊழியம் செய்யும் யான், சீட்டில்லா மருந்தை உடன்பிறந்தான் வாயில் இட்டேன். அப்பிழை உங்கள் இல்லங்களில் நேராதிருக்கட்டும். சேற்றில் இறங்குமுன் சுகாதார நிலையத்தை நாடுங்கள். காய்ச்சல் கண்டால், பழைய மாத்திரையைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள்.