வீட்டிலும் பகிர வேண்டிய சமாதானம்



திருப்பலியில் நற்கருணை வாங்குமுன் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிறோம். கைகுவித்துத் தலை தாழ்த்துகிறோம். நம் ஊர்க் கோவில்கள் பலவற்றில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். ஆகவே கணவர் தம் அருகில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்கிறார். மனைவி தம் அருகில் நிற்பவருக்குச் சொல்கிறார். அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. பேசாமல் கோவிலுக்கு வந்தவர்கள் பேசாமலே வீடு திரும்புவதும் உண்டு.

காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவர், தம்மேல் ஒருவருக்கு மனவருத்தம் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் நல்லுறவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்தார் (மத் 5:23-24). அந்த ஒருவர் யார் என்று நாம் தூரத்தில் தேடுகிறோம். பல நேரங்களில் அவர் நம் வீட்டு அடுப்படியில் நிற்கிறார். அல்லது திண்ணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கோவிலுக்குத் தவறாமல் வருகிற குடும்பங்களில் இல்லறம் எதனால் தழைக்கிறது, எதனால் வாடுகிறது? மூன்று காரியங்களை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, செபம். குடும்ப செபம் வீட்டைக் கட்டி எழுப்பும். ஆனால் நம் செபம் யாரை நோக்கிப் போகிறது? “ஆண்டவரே, குடிக்கிறவருக்கு நல்ல புத்தி கொடும்” என்று மனைவி உரக்கச் செபிக்கிறார். “கோபக்காரிக்குப் பொறுமை கொடும்” என்று கணவர் பதில் செபம் சொல்கிறார். கையில் செபமாலை; நடப்பதோ சண்டை. சொல்ல வேண்டியதை நேருக்கு நேர் அமைதியாகச் சொல்வோம். பிறகு, இவரை எனக்குத் தந்ததற்கு நன்றி என்று செபிப்போம்.

இரண்டாவது, ஒளிவுமறைவு இல்லாமை. சம்பளம் எவ்வளவு, சீட்டுப் பணம் என்ன ஆயிற்று, நகை எந்த அடகுக்கடையில் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னது தருமம் செய்வதைப் பற்றி. குடும்பக் கணக்கைப் பற்றி அல்ல.

மூன்றாவது, மன்னிப்பு. பொழுது சாயுமுன் சினம் தணிய வேண்டும் என்கிறார் புனித பவுல் (எபே 4:26). திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில், அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது ஆகிய மூன்றையும் குடும்பங்களுக்கு நினைவூட்டினார். மன்னிப்பு என்ற சொல் வாயில் வராவிட்டால், “சாப்பிட்டாயா?” என்று கேட்பதில் தொடங்கலாம். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மன்னிப்பது என்பது அடி வாங்கிக்கொண்டிருப்பது அல்ல. அடிபட்டு வருகிற பெண்ணிடம், “இது உன் சிலுவை, பொறுத்துக்கொள்” என்று உறவினரும் சொல்லக் கூடாது, அன்பியத்தாரும் சொல்லக் கூடாது, குருக்களும் சொல்லக் கூடாது. கணவரோ மனைவியோ மற்றவரின் அல்லது பிள்ளைகளின் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து விளைவித்தால், பாதிக்கப்பட்டவர் பிரிந்து வாழத் தகுந்த காரணம் உண்டு என்று திருச்சபைச் சட்டமே (எண் 1153) ஏற்கிறது. தாமதிப்பது ஆபத்து என்றால், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் உடனே விலகலாம். அப்படி விலகுவதால் திருமண அருளடையாளத்துக்கு அவமதிப்பு இல்லை. அடிக்கிற கையே அதை அவமதிக்கிறது. அப்படிப்பட்ட சகோதரி யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நம்பிக்கையானவரிடம் இன்றே சொல்லுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

அன்பானவர்களே, வருகிற ஞாயிறு கோவிலுக்குப் புறப்படுமுன், வீட்டு வாசலிலேயே கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம். பிள்ளைகள் பார்க்கட்டும். கானாவூர்த் திருமண வீட்டின் குறையை நிறைவாக்கிய ஆண்டவர், நம் இல்லங்களின் குறைகளையும் நிறைவாக்குவாராக. ஆமென்.