கண்டவர் ஏன் சொல்லவில்லை?
(கரியாலூரில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

கச்சிராயப்பாளையம் தாண்டி, வளைவு வளைவாக ஏறி வந்திருக்கிறீர்கள். பசியோடு இருப்பவர்களிடம் நீளமாகப் பேசினால் பாவம்! ஒரே ஒரு கதையைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன். 1943-இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. விடுதியில் படித்துவிட்டு விளக்கை அணைக்கப் பயந்தோமே, அதே கதைதான்.

அதில் ஓர் எழுத்தாளர். நடுராத்திரியில் தூக்கம் வராமல் கிடக்கிறார். எங்கிருந்தோ ஒரு வாடை. பிறகு வாசலில் ஒரு பிச்சைக்காரி வந்து நிற்கிறாள். மனைவி இரக்கப்பட்டு அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். பார்த்தால் சாதாரணப் பெண். ஒரு கணம் மட்டும் அவள் கால் தரையில் பாவாதது போல எழுத்தாளருக்குத் தெரிகிறது. மறுபடி பார்த்தால், தரையில்தான் இருக்கிறது.

புதுமைப்பித்தன் எதையும் ஒளிக்கவில்லை. வாடையையும் காலையும் முன்கூட்டியே காட்டிவிட்டு, “சே, பிரமை!” என்று நம்மையே சொல்ல வைக்கிறார். கடைசியில் திடீரென்று பேயைக் கொண்டுவந்து நிறுத்துவது பெரிய காரியமில்லை. இதுதான் காரியம். இரண்டாம் தடவை படிக்கும்போதுதான், நம்மை ஏமாற்றியது கதையல்ல, நம் நினைப்பே என்று புரிகிறது.

நான் இந்த மலையில் ஆசிரியராக இருந்தபோது, 2024 ஜூலையில் ஒருநாள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். பேய்க்கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள், பயப்படவில்லை. ஒரு மாணவி மட்டும் எழுந்தாள்.

“ஐயா, அவருதான் காலப் பாத்துட்டாரே. அந்த அம்மாகிட்ட அப்பவே ஏன் சொல்லல?”

“பயந்துடுவாங்கன்னு நினைச்சிருப்பார்மா.”

“சொல்லாம விட்டாத்தானே ஐயா ஆபத்து?”

எனக்குப் பதில் வரவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதுவும் பார்வைக்குச் சாதாரணம்தான். மெத்தனால் நிறத்தில் காட்டிக்கொடுக்காது. குடித்துப் பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல் எல்லாம். முன்னறிகுறி இல்லாமலும் இல்லை. 2023 மே மாதமே மரக்காணம் பக்கம் இதே மெத்தனால் உயிர்களைக் குடித்திருந்தது. நாம்தான் “அது அங்கே” என்று பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

கதையில் ஒரு குறிப்பைத் தவறவிட்டால் திரும்பப் படிக்கலாம். ஊரில் அந்த வசதி கிடையாது, நண்பர்களே.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலைப் பிள்ளைகளுக்கு நல்ல கதைப் புத்தகங்கள் வாங்கித் தருவோம். அந்தப் பெண்ணைப் போல எழுந்து கேட்கிற பிள்ளைகள் இன்னும் நாலு பேர் வரட்டும்.